இரண்டு லென்சும் என் பையில்தான்

தம்பி,

லடாக்கில், லே ஊரில், நான் தங்கியிருக்கிற வீட்டு மாடியில் வெயிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஏரியிலிருந்து இறங்கி வந்து இரண்டு நாளாகிறது. எனக்குத் தலைவலி இல்லை, மூச்சு சீராக இருக்கிறது, விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிஜன் கருவி இன்று காலையும் நல்ல அளவைத்தான் காட்டியது. நீ முதலில் தேடப்போவது இதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். மிச்சத்தை நிதானமாகப் படி. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ "அது சரிம்மா, ஆனா" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் அதற்கு வழியில்லை. இன்னொன்று, இதை உனக்கு மட்டும் அனுப்பவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் "அம்மா யார் பேச்சையும் கேக்க மாட்டேங்குறாங்க, நீங்களாவது சொல்லுங்க" என்று நீ எழுதினாய் அல்லவா, அதே குரூப்பில்தான் இதையும் போடப்போகிறேன். கேள்வி எல்லார் முன்னாலும் வந்தது. பதிலும் அப்படியே இருக்கட்டும்.

பொங்கலுக்கு நீ சென்னையிலிருந்து குரும்பலூர் வந்தபோது ஒரு சின்னக் கேமராவை என் கையில் வைத்தாய். கிராம சுகாதார நர்ஸாக வேலை பார்த்து நான் ரிட்டயர் ஆனதற்கு உன் பரிசு. அழகான பொருள்தான், இல்லையென்று சொல்லவில்லை. உள்ளங்கைக்குள் அடங்கியது. முன்னால் ஒரே லென்ஸ், கேமராவோடு சேர்த்தே பொருத்தியது, கழற்றவும் முடியாது, ஜூம் செய்யவும் முடியாது. "எனக்கு லென்ஸ் மாத்துற கேமரா வாங்கணும்னு ஆசைப்பா" என்று சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்கும். நீ சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் உனக்குச் சரிப்படாதும்மா. ரெண்டு மூணு லென்சைத் தூக்கிட்டு அலையணும். மாத்துறப்ப உள்ள தூசி போயிடும். அப்புறம் எந்த லென்ஸப் போடுறதுன்னு முழிச்சிட்டு நிப்ப. இதுல எதையும் மாத்த வேணாம், பட்டன அமுக்குனா போதும்" என்றாய். உன் அப்பா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் கேமராவைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துக்கொண்டேன். அன்று பண்டிகை நாள், நீ ஆசையாக வாங்கி வந்திருந்தாய். ஆனால் "உனக்கு" என்ற சொல்லை நீ எப்படி அழுத்தினாய் என்பது என் காதில் விழுந்தது.

அந்தக் கேமராவை நான் மூலையில் போடவில்லை. நியாயமாகத்தான் நடந்துகொண்டேன். தினமும் கையில் எடுத்துக்கொண்டு போனேன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிற பெண்களை எடுத்தேன். வயலில் மக்காச்சோளம் அடிக்கிற இடத்தில் பறந்த தூளை எடுத்தேன். உன் அப்பா ரசத்துக்குத் தாளிக்கிற நேரத்தில் எழும்பிய புகையை எடுத்தேன். படங்கள் தெளிவாக வந்தன. மங்கின வெளிச்சத்திலும் நன்றாக வந்தன. சத்தம் வராது, கனம் தெரியாது, பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு கையால் எடுக்கலாம். மனிதர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதும் இல்லை. ஊர் ஊராகப் போய்த் தெருவையும் சாப்பாட்டையும் கோயிலையும் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அதைவிட நல்ல கேமரா தேவையில்லை என்று இப்போதும் சொல்வேன். நான் ஆசைப்பட்டது வேறு என்பதுதான் சங்கதி. அது என்ன என்று நீ கேட்கவே இல்லை.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு அரியலூர்ப் பக்கம், திருமானூரைச் சுற்றித்தான் வேலை. ஒரு தை மாதம் போலியோ சொட்டு மருந்து போட வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தோம். கரைவெட்டி ஏரிக்கரை வழியாக மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தபோது தண்ணீர் ஓரத்தில் ஒரு பெரிய கூட்டம் உட்கார்ந்திருந்தது. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புப் பட்டை. கரையில் நின்ற வனத்துறைக் காவலர், "வரித்தலை வாத்துங்க. இமயமலையத் தாண்டிப் பறந்து வருது" என்றார். எங்கிருந்து வருகிறது, எங்கே குஞ்சு பொரிக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். பெட்டியில் ஐஸ் உருகுவதற்குள் அடுத்த தெருவை முடிக்க வேண்டியிருந்தது. போய்விட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ பிரசவம் பார்த்தேன், எத்தனையோ குழந்தைக்கு ஊசி போட்டேன். இந்த வாத்து எங்கே பிறக்கிறது என்ற கேள்வி மட்டும் மனசில் இருந்துகொண்டே இருந்தது. மங்கோலியாவிலும் பிறக்கிறது, நம் நாட்டிலேயே லடாக் ஏரிகளிலும் பிறக்கிறது என்று ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் படித்தேன். நம் ஏரிக்கு வருகிற அதே வாத்தைத்தான் அங்கே பார்ப்பேன் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எனக்கு அது பெரிதாகவும் படவில்லை. மங்கோலியாவுக்கு நான் போக முடியாது, லடாக்குக்குப் போகலாம். போவது என்று அன்றே முடிவு செய்தேன்.

அதனால் பொங்கல் கழிந்ததும் உன் கேமராவோடு கரைவெட்டிக்குப் போனேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர், அங்கிருந்து இன்னொரு பஸ். வாத்துகள் இருந்தன, ஆனால் ஏரியின் நடுவில். எடுத்த படத்தைப் பார்த்தால் பெரிய தண்ணீர், அதில் சின்னச் சின்னப் புள்ளிகள். அதை உனக்கு அனுப்பினேன். "எறும்பு மாதிரி இருக்கேம்மா" என்று பதில் போட்டாய். போன் செய்து லடாக் விஷயத்தைச் சொன்னேன். நீ, "ஏம்மா, அங்கெல்லாம் சின்னப் பசங்களே மூச்சு முட்டித் திரும்பி வர்றாங்க. முதல்ல கரைவெட்டியில ஒரு வாத்த ஒழுங்கா எடுத்துக் காட்டு, அப்புறம் பேசலாம்" என்றாய். நீ பேச்சை முடிப்பதற்காகச் சொன்னாய். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

நூர்ஜகானை உனக்குத் தெரியும், குரூப்பில் இருக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லப்பைக்குடிக்காட்டில் நான் வேலை பார்த்த காலத்துச் சிநேகிதி. அவள் வீட்டுக்காரர் துபாயில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு வந்தவர். மகனுக்காக அவர் வாங்கி வந்த லென்ஸ் மாற்றுகிற கேமரா ஒன்று பீரோவில் சும்மா கிடந்தது. அதுவும் சின்ன ரகம்தான், கல்யாண போட்டோகிராபர் கழுத்தில் தொங்குகிற மாதிரி பெரியது இல்லை. கூட ஒரு குட்டி லென்ஸ், தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டுகிற நீள லென்ஸ் ஒன்று. நூர்ஜகான் அதைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "நானும் வரேன் நர்ஸம்மா, இவர் இதத் தொடக்கூட விட்டதில்ல" என்றாள். இரண்டு பேரும் போனோம். அவள் கையில் உன் கேமரா, என் கையில் அவளுடையது. ஏரிக்கரையில் காற்று பலமாக அடித்தது. நின்ற இடத்திலேயே லென்சைக் கழற்றி மாற்றினேன். வாத்துகள் பெரிதாகத் தெரிந்தன. வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படத்திலும் வானத்தில் கறுப்புப் பொட்டுகள். நீ சொன்னபடியே தூசி உள்ளே போயிருந்தது. இரவல் பொருள் வேறு. அன்றைக்கு உனக்கு நான் போன் செய்யவில்லை.

அழுதுகொண்டு உட்காரவில்லை. ஊதி எடுக்கிற ரப்பர் பந்து ஒன்று வாங்கி வந்தேன், கேமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு காற்றடித்தேன். பொட்டு போய்விட்டது. அப்புறம் யோசித்தேன். லென்ஸ் கழற்றிய கேமராவும் திறந்த காயமும் ஒன்றுதானே. காயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பஞ்சைத் தேடுகிற நர்ஸ் உண்டா? எல்லாவற்றையும் முன்னாலேயே எடுத்து வைப்போம், அப்புறம்தான் கட்டைப் பிரிப்போம். அடுத்த நாளிலிருந்து உன் அப்பா பேப்பர் படிக்கிற நேரத்தில் அவர் எதிரே உட்கார்ந்து பழகினேன். பை மடியில், மாட்டப்போகிற லென்சின் பின்மூடி தளர்த்தித் தயாராக, கேமரா குப்புற, பழைய லென்ஸ் வலது பக்கம், புதியது இடது பக்கம். கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யச் சொன்னாலும் செய்வேன் என்கிற அளவுக்கு வந்தது. ஓடுகிற பஸ்ஸில் பிரசவம் பார்த்த கை இது. லென்ஸ் மாற்ற இதற்கு வராது என்று நீ எப்படி முடிவு கட்டினாய் என்று அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

மறுபடி போனேன். இந்த முறை தனியாக. பஸ்ஸிலேயே நீள லென்சை மாட்டிவிட்டேன், ஏரிக்கரையில் எதையும் திறக்கவே இல்லை. விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு வாத்துக்கூட்டம் நெல் வயலிலிருந்து எழும்பி என் தலைக்கு மேலேயே வந்தது. எடுத்தேன். கழுத்தின் கறுப்புக் கோடு, இறக்கை நுனி, கால் மடக்கியிருப்பது வரைக்கும் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் பின்னால் பார்க்காமல் ஒரு அடி வைத்து, கரைச் சரிவில் சறுக்கி விழுந்தேன். கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை, என் கணுக்கால்தான் பிசகியது. துப்பட்டாவைக் கிழித்து நானே கட்டுப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தேன். எலும்பு முறிவா பிசகா என்று தெரியாதவளா நான். அதை உனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எதிர் வீட்டுக்காரருக்குத் தோன்றியிருக்கிறது.

மறுநாள் மத்தியானம் நீ காரில் வந்து இறங்கினாய். சாப்பிடக்கூட உட்காரவில்லை. நான் அந்த வாத்துப் படத்தைக் காட்ட வந்தேன். நீ அதை ஒரு தரம் பார்த்துவிட்டு என் கால் கட்டைப் பார்த்தாய். பேசிக்கொண்டே கேமராப் பையை எடுத்துக்கொண்டு போய் உன் காரின் பின் சீட்டில் வைத்தாய். "இது கொஞ்ச நாளைக்கு என்கிட்ட இருக்கட்டும். சின்னதே உனக்குப் போதும்" என்றாய். அந்த இடத்தை இங்கே அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நீ குரூப்பில் எழுதியபோது இதை விட்டுவிட்டாய்.

"பைய எடுத்துக் குடு தம்பி."

"அம்மா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நான் கேட்டது பைய."

"கீழ விழுந்து இடுப்பு ஒடஞ்சா யாரும்மா பாக்குறது? நான்தான லீவு போட்டுட்டு ஓடி வரணும்."

"வராத. உங்கப்பா இருக்காரு, பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு, கட்டுப் போட எனக்கே தெரியும்."

அது நூர்ஜகானுடைய கேமரா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ அந்த நிமிஷமே கொடுத்திருப்பாய். அதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அடுத்தவர் பொருள் என்பதற்காக இல்லாமல், நான் கேட்டேன் என்பதற்காக நீ கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நீ கொடுக்கவில்லை. நொண்டிக்கொண்டே போய்க் கார்க் கதவைத் திறந்து நானே எடுத்துக்கொண்டேன். "வராத" என்ற சொல் உன்னைக் குத்தியது என்று தெரியும். உன் முகம் மாறியதைப் பார்த்தேன். குத்தட்டும் என்றுதான் சொன்னேன். இப்போது யோசித்தாலும் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது தெருவில் பம்பரம் விட்டுக் காலில் ஆணி குத்தியது. கழுவி, ஊசி போட்டு, கட்டி, பம்பரத்தைத் திரும்ப உன் கையில்தான் கொடுத்தேன். பிடுங்கி வைக்கவில்லை.

அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை. உன் அப்பாவுக்குப் போன் செய்து, "நீங்க சொன்னா கேப்பாங்கப்பா, நிறுத்துங்க" என்றாய். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார், அவருக்குக் காதில் வைத்துப் பேசினால் பிடிக்காது. "அவ போவட்டும்டா. எனக்கு மலைன்னாலே தல சுத்தும், அதனால நான் போவல. அவளுக்குச் சுத்தலன்னா அவ எதுக்கு நிக்கணும்? வூட்டப் பாத்துக்க நான் இருக்கேன்" என்றார். உன் வீட்டிலிருந்தே ஒருவர் எனக்கு "நல்லபடியா போயிட்டு வாங்க" என்று செய்தி அனுப்பினார். யாரென்று சொல்ல மாட்டேன். உன் வீட்டில் இருப்பது நீங்கள் இரண்டு பேர்தான், அதிகம் யோசிக்க வேண்டியிருக்காது.

உன் வாதத்துக்கு இன்னொரு வாய்ப்பும் கொடுத்தேன். பங்குனியில் திருமழபாடியில் நந்தி கல்யாணத்துக்கு உன் கேமரா, நூர்ஜகான் கேமரா இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். அவ்வளவு கூட்டத்தில் லென்ஸ் மாற்ற இடமே இல்லை, பிராகாரத்து இருட்டில் நீள லென்ஸ் திணறியது. அங்கே உன் கேமரா ஜெயித்தது. எழுதி வைத்துக்கொள். ஆனால் கொள்ளிடத்து மணலில் ஒரு அம்மாள் மூன்று பேத்திகளுக்கும் ஒரே சீப்பால் தலை வாரிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய், "ஒரு படம் எடுத்துக்கிட்டுமாம்மா?" என்று கேட்டேன். "எடுத்துக்க, எடுத்துக்க" என்று சொன்னவள் உன் சின்னக் கேமராவை நான் முகத்துக்கு நேரே நீட்டியதும் சீப்பைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிள்ளைகளையும் அப்படியே உட்கார வைத்தாள். நான் நன்றி சொல்லிவிட்டு ரொம்பத் தள்ளிப் போய், நீள லென்சை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவள் திரும்ப வார ஆரம்பித்து, சின்னவள் ஓட, பெரியவள் பிடிக்க, மூன்று பேரும் சிரித்தபோது எடுத்தேன். கேட்பதற்குப் பக்கத்தில் போவேன், எடுப்பதற்குத் தள்ளி நிற்பேன். இதுதான் என் வழி என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஒட்டிய லென்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு அது நடக்காது.

நூர்ஜகானின் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சொந்தமாக ஒன்று வாங்க நானும் உன் அப்பாவும் திருச்சிக்குப் போனோம். கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை, உன் அப்பாவைப் பார்த்து, "அம்மாவுக்குத்தானே சார், சிம்பிளா ஒண்ணு எடுத்துக்குங்க" என்றார். உன் அப்பா, "எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க, அவங்ககிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். லென்ஸ் கழற்ற முடியாது, ஆனால் ரொம்ப தூரம் ஜூம் ஆகும் என்று ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். கடை வாசலுக்கு எடுத்துப்போய் எதிர்க் கட்டடத்து மொட்டை மாடிக் காக்காயை எடுத்துப் பார்த்தேன். வெயிலில் நன்றாக வந்தது. நிழலில் இருந்த காக்காய் கூழாகிவிட்டது. விடியற்காலையில் ஏரியில் அது எனக்கு உதவாது. லென்ஸ் மாற்றுகிறதில் சின்ன ரகமாக ஒன்று, ஒரு குட்டி லென்ஸ், ஒரு நீள லென்ஸ் வாங்கினேன். மூன்றாவது ஒன்றும் இருக்கட்டும் என்று அவர் எடுத்து வைத்ததை வேண்டாம் என்றேன். முழித்துக்கொண்டு நிற்பாய் என்று நீ சொன்னாயே, அது மூன்றாவது லென்சில்தான் ஆரம்பிக்கும் என்று எனக்குப் பட்டது. என்னைப் போலக் கிளம்புகிற யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். நீங்கள் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள், கேமராவை அப்புறம் பாருங்கள். அது பக்கத்தில் வரும் பொருளென்றால் லென்ஸ் ஒட்டியதே போதும். வராது என்றால் மாற்றுகிறதை வாங்கிப் பழகுங்கள், அதைப் பழகுவதற்கு வயது தடையில்லை.

கிளம்புவதற்கு முன்னால் இதயம், பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்த்து டாக்டரிடம் சரி வாங்கினேன். ரயிலில் டெல்லி, அங்கிருந்து விமானம். லேயில் வந்து இறங்கியதும் வெளியே அலையாமல் படுத்தே கிடந்தேன், தண்ணீர் குடித்தேன், உடம்பு பழகியபின் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தேன். பிறகு டாக்சி பேசிக்கொண்டு சோ மோரிரி ஏரிக்குப் போனேன். வழியிலேயே நீள லென்ஸ் மாட்டியாயிற்று. தம்பி, அந்த நீலத்தை எனக்கு எழுத வராது. கரையோரப் புல்தரையில் வரித்தலை வாத்துகள் நின்றுகொண்டிருந்தன. நம் ஏரியில் கூட்டமாக, எந்நேரமும் கிளம்பப்போகிற மாதிரி இருக்கும். இங்கே ஜோடி ஜோடியாக, வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றன. தூரத்தில் ஒன்று புல்லுக்குள் உட்கார்ந்தே இருந்தது. அடியில் குஞ்சு இருக்கிறது என்று டிரைவர் கையால் காட்டினார். மண்டியிட்டுக் கேமராவைக் கண்ணில் வைத்தேன். அது எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அப்போதுதான் பின்னால் சத்தம் கேட்டது. பக்கத்து வண்டியில் வந்த பையன் ஒருவன், உன்னைவிட நாலைந்து வயது சின்னவன் இருப்பான், தரையில் சரிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். புனேயிலிருந்து கூட்டாளிகளோடு வந்தவன். லேயில் ஒரே ஒரு ராத்திரி தங்கிவிட்டு நேராக மேலே ஏறியிருக்கிறார்கள். கூட இருந்த இருவரும் அவன் பெயரைக் கூப்பிட்டு உலுக்கிக்கொண்டிருந்தார்கள். போய் விரலில் கருவியை மாட்டினேன். அதில் வந்த எண் எனக்குப் பிடிக்கவில்லை. நடக்கச் சொன்னால் குடித்தவன் மாதிரித் தள்ளாடினான். என் டிரைவரிடம் ஆக்சிஜன் உருளை இருந்தது. அதை மாட்டிவிட்டு, உடனே கீழே இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். கூட்டாளிகள், கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடாதா என்று கேட்டார்கள். "நோ. நவ்" என்றேன். பின் சீட்டில் அவன் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு ஏறினேன். அந்த வாத்து எழுந்ததா, குஞ்சு வெளியே வந்ததா, தெரியாது. திரும்பிப் பார்க்க நேரமில்லை.

ஒரு சின்னக் கணவாயைத் தாண்டியபின் சிந்து நதிக் கரைக்கு இறக்கம்தான். வழி முழுக்க அவன் என் கையை விடவில்லை. "ஆன்ட்டி, ஆம் ஐ டையிங்?" என்று கேட்டான். இல்லை, மூச்சை மெதுவாக விடு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கீழே ஒரு ஊர் சுகாதார நிலையத்தில் அவனைச் சேர்த்தோம். அங்கே பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் மேலேயே இருந்திருந்தால் கஷ்டம் என்றார்கள். மறுநாள் அவன் எழுந்து உட்கார்ந்து சூப் குடித்தான். அவன் அம்மாவோடு போனில் என்னைப் பேச வைத்தான். அவர்கள் மராத்தியில் பேசினார்கள், நான் தமிழில் பேசினேன், இரண்டு பேருக்கும் புரிந்தது.

ஆகவே நீ பயந்தது பொய்ப் பயம் இல்லை. அந்த உயரம் ஆளைச் சாய்க்கும் என்பதைக் கண்ணால் பார்த்தேன். அது அங்கே சாய்த்தது அறுபது தாண்டியவளை இல்லை, அவசரப்பட்டவனை. பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டுமோ அதை நான் செய்தேன். பரிசோதனை செய்தேன், பொறுத்தேன், பழகினேன், பிறகு ஏறினேன். நீ உன் பயத்தை வைத்துக்கொண்டு என் பையைத் தூக்கிக் காரில் வைத்தாய். நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும், உன் மனைவிக்கும் ஒரு ஊர் பார்க்க ஆசை வரும். அப்போது உனக்குப் பயம் வந்தால் பையைத் தொடாதே. கூட உட்கார்ந்து, என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று கேள். உன் அம்மாவாக நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான், மற்றதெல்லாம் உனக்கே தெரியும்.

உன் சின்னக் கேமரா வீணாகவில்லை. உன் அப்பாவிடம் இருக்கிறது. சமைத்ததை எல்லாம் அதில் எடுத்துப் போனுக்கு மாற்றி, ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் பார் என்று எனக்கு அனுப்புகிறார். நேற்றைய முருங்கைக்காய் சாம்பார் படம் உண்மையிலேயே பிரமாதம். அவருக்கு அதுதான் சரியான கேமரா. அதை அவரிடம் நீயே போன் செய்து சொல், சந்தோஷப்படுவார்.

வெள்ளிக்கிழமை நான் ரயில் ஏறுகிற டெல்லி ஸ்டேஷனுக்கே, என்னைக் கூட்டிப்போக நீ சென்னையிலிருந்து வந்து நிற்கப்போவதாக அவர்தான் சொன்னார். லீவு போட்டுவிட்டாய் என்றும் சொன்னார். வர வேண்டாம், நான் அந்த ரயிலில் இல்லை. டிக்கெட்டை மாற்றிவிட்டேன். குஞ்சை நான் இன்னும் பார்க்கவில்லை. நாளைக் காலை அதே டிரைவர் வருகிறார், மறுபடியும் மேலே போகிறோம். அங்கே போன் எடுக்காது.

அன்புடன்,
அம்மா